தாத்தா யாரென்று தெரிந்த பிறகு

மணப்பாறையிலிருந்து துவரங்குறிச்சிக்குப் போகிற வழியில் இருக்கிறது மருங்காபுரி. ஒரு காலத்தில் ஜமீன். இன்று திருச்சி மாவட்டத்தின் தெற்கு ஓரத்து வட்டம். செம்மண்ணும் கற்குன்றும் மானாவாரிக் காடுமான இந்தப் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலிக்குப் பிறகு, இயேசு சபையாரின் மதுரை மிஷன் வடக்கே திருச்சி வரை பரவியது. அதன் தடம் மலையடிப்பட்டியிலும் கருங்குளத்திலும் இன்னும் பல சிற்றூர்களிலும் கோயில் கோபுரமாக நிற்கிறது. மார்கழியில் ஒரு தெருவில் திருப்பாவையும் அடுத்த தெருவில் கிறிஸ்துமஸ் பஜனையும் கேட்கிற ஊர்கள் இவை.

இங்கே ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, டிசம்பர் மாதத்து அற்புதம் என்பது சிவப்பு அங்கி போட்டவர் கொண்டுவரும் பரிசாக இருக்கவில்லை. அது குடிலுக்குள் இருந்த காலியிடம். கோயிலில் குடில் கட்டியாயிற்று, மாதா முழந்தாளிட்டிருக்கிறார், சூசையப்பர் கோலூன்றி நிற்கிறார், மாடு படுத்திருக்கிறது, இடையர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நடுவில் வைக்கோல் பரப்பிய தொட்டி மட்டும் வெறுமையாக இருக்கும். அத்தனை பேரும் அந்த வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பாலன் எங்க?" என்று கேட்டால் பெரியவர்கள் சொல்லும் பதில் ஒன்றே: "ராத்திரிதான் பொறப்பாரு."

அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத ஊர். பனி இறங்கும் களம். பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து, பதினொரு மணிக்குத் தட்டி எழுப்பி, போர்வையோடு தூக்கிக்கொண்டு நடுச்சாமப் பூசைக்குப் போவார்கள். பாதிப் பேர் அம்மாவின் மடியில் மறுபடியும் தூங்கிவிடுவார்கள். 1960களின் நடுப்பகுதி வரைக்கும் பூசை லத்தீனில்தான் நடந்தது. விளங்காத மொழி, சாம்பிராணிப் புகை, மெழுகுவத்தி வெளிச்சம். திருவருகைக் காலம் முழுக்கப் பாடாமல் நிறுத்திவைத்திருந்த வானவர் கீதம் எழும்பும் நேரத்தில், கோயில் மணியும் கைமணிகளும் சேர்ந்து அடிக்கும். தூங்கிய பிள்ளை திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால், தொட்டியில் குழந்தை இருக்கும். சற்றுமுன் வரை இல்லாத குழந்தை. வெளியே வெடிச் சத்தம். நாலு வயதுப் பிள்ளைக்கு இதற்குமேல் ஒரு சாட்சியம் தேவையில்லை.

குடில் என்னும் வழக்கமே இப்படி ஒரு காலியிடத்தில் தொடங்கியதுதான். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, நள்ளிரவுப் பூசைக்கு ஊரை அழைத்தார். தொட்டியில் குழந்தை ஒன்று கிடந்ததாகவும், பிரான்சிஸ் கிட்டே போய் அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதாகவும் அங்கிருந்த ஒருவர் கண்டார் என்று அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமாஸ் குறித்திருக்கிறார். கண்டவர் வளர்ந்த மனிதர். எண்ணூறு ஆண்டு கழிந்தும், அந்தக் காட்சி ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஒரு பிள்ளைக்காவது வாய்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு உண்மை எப்போது தெரியும்? பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதில், பூசைக்கு உதவும் சிறுவனாகச் சேர்ந்த பிறகு. சாமியார் பூசை உடுப்பு மாற்றும் அறைக்குள் முதன்முறையாகப் போவான். அங்கே பழைய மர பீரோவின் கீழ்த்தட்டில், செய்தித்தாளில் பொதிந்து, பஞ்சு சுற்றி, பாலன் சுரூபம் இருக்கும். கால் விரல் ஒன்று உடைந்து, சாந்து வைத்து ஒட்டியிருக்கும். கோயில்பிள்ளை அதைத் தூசி தட்டி அவன் கையில் கொடுத்து, "கெட்டியாப் புடி, கீழ போட்டுறாத" என்பார். யாரும் அவனை உட்காரவைத்து விளக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் ஏமாந்துபோனேன் என்று அழுததும் இல்லை. அழுவதற்கு நேரம் ஏது? அன்று இரவு அந்தப் பாலனைப் பட்டுத்துணியில் ஏந்திவரும் சாமியாருக்கு முன்னால் மெழுகுவத்தி பிடித்து நடக்க வேண்டியவன் அவன். நேற்றுவரை மடியில் தூங்கியவன், இன்று தூங்குகிறவர்களை விழிக்கவைக்கும் மணியை அடிக்கிறான்.

கிறிஸ்துமஸ் தாத்தா இந்த ஊர்களுக்குப் பிந்தி வந்த விருந்தாளி. மீராவில் நான்காம் நூற்றாண்டில் ஆயராயிருந்த புனித நிக்கோலாஸ், நியூயார்க்கில் டச்சுக்காரர் வழியாகப் பெயர் மாறி, 1860களில் தாமஸ் நாஸ்ட் வரைந்த பத்திரிகைப் படங்களில் பருத்த உடம்பும் நரைத்த தாடியும் பெற்றார். 1931 முதல் கோகோ கோலா விளம்பரங்களில் ஹாடன் சண்ட்ப்ளம் தீட்டிய சிவப்பு உடைக்காரராக உலகம் முழுக்கப் பதிந்துபோனார். நம் பக்கத்தில் ஆங்கிலோ-இந்தியர்கள் வாழ்ந்த ரயில்வே காலனிகளில் அவர் முன்பே புழங்கியிருந்தார். கிராமத்துக்கு அவர் வந்தது கேரல் பஜனைக் குழுவோடுதான். பனிச்சறுக்கு வண்டி கிடையாது, கலைமான் கிடையாது, புகைபோக்கி கிடையாது. தப்பும் டிரம்மும் முன்னால் போக, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், அட்டை முகமூடியும் பஞ்சுத் தாடியும் சிவப்புப் பருத்தி அங்கியும் வயிற்றில் கட்டிய தலையணையுமாக ஆடிக்கொண்டு வருவார். அங்கி எப்போதும் கணுக்காலுக்கு நாலு விரல் மேலேயே நிற்கும். துணி போதாது.

அந்த நாலு விரல் இடைவெளியில்தான் உண்மை தெரியும். எங்கள் தெருவில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, எல்லாப் பிள்ளைகளும் முகமூடியைப் பார்த்து மிரண்டு நிற்கையில், கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழு பட்டு நகம் போன வலதுகால் கட்டைவிரல். அம்மாவின் காதருகே போய்ச் சொன்னாள்:

"அம்மா, தாத்தா காலு நம்ம சித்தப்பா காலு மாதிரியே இருக்கு."

"ஆமாடி. வாயத் தெறக்காத. தம்பி பயந்து பாத்துக்கிட்டு இருக்கான் பாரு."

அவ்வளவுதான். மறு வருடம் கேரல் வருவதற்கு முந்தைய மதியம், முறத்தில் கொட்டிய தேன்மிட்டாயையும் ஆரஞ்சு மிட்டாயையும் வீட்டுக்கு இத்தனை என்று எண்ணிக் கட்டுகிற வேலை அவளுக்கு வந்தது. இரவில் தாத்தா அதே பொட்டலத்தை எடுத்துத் தம்பியிடம் நீட்டியபோது, அவள் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமல்ல, பொறுப்பு. ஒரு ரகசியத்தைக் காக்கிற ஆளாகத் தன்னை வீடு சேர்த்துக்கொண்டது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இன்றைய பிள்ளைக்கும் அதே டிசம்பர் வருகிறது, வேறு வழியாக. மூங்கிலைப் பிளந்து சிம்பு சீவி, இரண்டு முக்கோணமாகக் கட்டி, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து கலர் காகிதம் ஒட்டி, உள்ளே 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்ட நட்சத்திரம் அன்று வீட்டுக்கு ஒன்று இருந்தது. அதைச் செய்ய இரண்டு மூன்று மாலை வேண்டும். மழை பெய்தால் மறுபடியும் ஒட்ட வேண்டும். இன்று மணப்பாறைக் கடைவீதியிலும் திருச்சி பெரிய கடைவீதியிலும் மடித்த நட்சத்திரம் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. விரித்துத் தொங்கவிட இரண்டு நிமிடம். எல்.இ.டி. விளக்கு மாதம் முழுக்க எரிந்தாலும் மின்கட்டணம் தெரிவதில்லை. அன்று குடிலுக்கு ஆற்று மணலும் சாக்கும் களிமண்ணும் சேர்த்து மலை கட்டினார்கள். தட்டில் கேழ்வரகு முளைக்கவைத்து வயல் போட்டார்கள். கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் ஆக்கினார்கள். பெத்லகேமில் ஏற்றக்கிணறும் பனைமரமும் இருந்தன. 3,615 பாடல்களில் சூசையப்பர் கதையைத் தேம்பாவணியாகப் பாடிய வீரமாமுனிவர், யூதேயாவைத் தமிழ் நிலமாகக் கண்டதைப் போலத்தான் இந்தப் பிள்ளைகளும் கண்டார்கள். இன்று முழுக் குடிலும் ஒரே பெட்டியில் வருகிறது. பாலன் உட்பட எல்லாச் சுரூபங்களும் ஒரே பலகையில் ஒட்டியே வருவதால், பல வீட்டுக் குடில்களில் டிசம்பர் முதல் வாரமே பாலன் பிறந்துவிடுகிறார்.

நள்ளிரவும் முன்னுக்கு நகர்ந்துவிட்டது. வத்திக்கானிலேயே 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் கிறிஸ்துமஸ் இரவுப் பூசையைப் பத்து மணிக்கு மாற்றினார். கொரோனா ஆண்டான 2020-இல் அது இரவு ஏழரைக்கு வந்தது. நம் பக்கத்துப் பங்குகளிலும் பத்தரை, பதினொன்று என்று தொடங்கும் கோயில்கள் உண்டு. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் இது பெரிய உதவி. எழுப்பப்பட வேண்டிய பிள்ளைகள் மட்டும் குறைந்துவிட்டார்கள். அவர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் விழித்தே இருக்கிறார்கள்.

தாத்தாவும் மாறிவிட்டார். பளபளக்கும் வெல்வெட் உடையும் தோல் பெல்ட்டும் பூட்ஸுமாக, தலை முதல் கால் வரை மூடி, வாடகைக்கு எடுத்த உடுப்பில் வருகிறார். கால்விரல் தெரிவதில்லை. பள்ளி விழாவில் ஒருவர், துணிக்கடை வாசலில் ஒருவர், தொலைக்காட்சியில் பலர் என்று ஒரே நாளில் நாலைந்து தாத்தாக்களைப் பார்க்கிற பிள்ளைக்குக் கணக்கு இடிக்கிறது. கேள்வியை அவன் அம்மாவிடம் கேட்பதற்கு முன்பே கைப்பேசியில் பேசிக் கேட்கிறான். அது ஒரு நொடியில் பதில் சொல்லிவிடுகிறது. அதே கைப்பேசியில்தான் தாத்தா இப்போது எந்த நாட்டின் மேல் பறக்கிறார் என்று காட்டும் வரைபடமும் வருகிறது. 1955-இல் அமெரிக்க வான்பாதுகாப்பு நிலையமொன்றுக்குத் தவறி வந்த தொலைபேசி அழைப்பிலிருந்து வளர்ந்ததாகச் சொல்லப்படும் ஏற்பாடு அது. நம்பவைக்கிற கருவியும் நம்பிக்கையை உடைக்கிற கருவியும் ஒன்றே ஆகிவிட்ட வீட்டில் பிள்ளை வளர்கிறது.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1897-இல் நியூயார்க்கில் வர்ஜினியா ஓஹான்லன் என்ற எட்டு வயதுச் சிறுமி, தாத்தா உண்மையிலேயே இருக்கிறாரா என்று 'தி சன்' நாளிதழுக்கு எழுதிக் கேட்டாள். செப்டம்பர் 21-ஆம் தேதி தலையங்கமாகவே பதில் வந்தது, இருக்கிறார் என்று. எழுதியவர் பிரான்சிஸ் சர்ச். அந்தச் சிறுமி வளர்ந்து ஆசிரியையாகி, 1971-இல் காலமானார். அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்டர்சனும் பிரென்டிஸும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. தாத்தா மீதான நம்பிக்கை போய்விட்ட 52 பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் விசாரித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஏழு வயதை ஒட்டித் தாமாகவே கண்டுபிடித்திருந்தார்கள். தெரிந்துகொண்டதில் அவர்களுக்குப் பெருமையே மேலோங்கி நின்றது. வருத்தப்பட்டவர்கள் பெற்றோர்தான். எங்கள் தெருப் பெண்ணின் வயதும் ஏழு என்பதை எண்ணிப் பார்க்கிறேன். கண்டுபிடிக்கும் வயது நாடு விட்டு நாடு மாறுவதாகத் தெரியவில்லை. கண்டுபிடித்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன காத்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

பழைய முறையில் எல்லாமே நல்லதாக இருந்தது என்று சொன்னால் அது பொய். அட்டை முகமூடியின் அசையாத சிரிப்பைக் கண்டு காய்ச்சல் கண்ட பிள்ளைகள் உண்டு. "சோறு திங்காட்டி தாத்தாகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்று பூச்சாண்டியாக அவரைப் பயன்படுத்தாத வீடு குறைவு. இன்றைய தாத்தாவின் மடியில் குழந்தை சிரித்துக்கொண்டு உட்கார்கிறது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அன்று மணியடிப்பதும் மெழுகுவத்தி பிடிப்பதும் பையன்களின் உரிமை. பெண்பிள்ளைகள் பீடத்தில் உதவலாம் என்று வத்திக்கான் அனுமதித்தது 1994-இல்தான். மிட்டாய் கட்டிய அந்தப் பெண் இரவில் கேரலோடு போகவில்லை, போக விடவில்லை. வாசல்படியில் நின்று பார்த்தாள். இன்று அவள் மகள் கீபோர்டு வாசித்துக்கொண்டு குழுவின் முன்னால் போகிறாள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இன்றைய டிசம்பரை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைய தாத்தா எல்லா வீட்டுக்கும் ஒரே மிட்டாயைத்தான் கொடுத்தார். மெத்தை வீட்டுக்கும் ஓலை வீட்டுக்கும், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கும் வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் அதே இரண்டு ஆரஞ்சு வில்லைகள். இன்று தாத்தா கொண்டுவந்ததாகச் சொல்லி ஒரு வீட்டில் சைக்கிள் நிற்கிறது, அடுத்த வீட்டில் பென்சில் டப்பா இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன அப்பாவின் பிள்ளையும், சிங்கப்பூரிலிருந்து அப்பா வந்திறங்கிய வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். நல்ல பிள்ளைக்குத்தான் நல்ல பரிசு என்று சொல்லி வளர்த்தால், பென்சில் டப்பா கிடைத்த பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்? தாத்தா இல்லை என்று அந்தப் பிள்ளை சீக்கிரம் தெரிந்துகொள்வதே அதற்கு நல்லது. அன்றைய நம்பிக்கையில் இந்தக் காயம் இல்லை, ஏனென்றால் பாலன் எல்லோருக்குமாக ஒரே தொட்டியில் பிறந்தார்.

இழந்தது எது என்று கேட்டால், நம்பிக்கையை நான் சொல்ல மாட்டேன். அது அன்றும் ஏழெட்டு வயதில் போயிற்று, இன்றும் போகிறது. போன பிறகு பிள்ளைக்கென்று இருந்த இடம் போய்விட்டது. நட்சத்திரம் விலைக்கு வருகிறது, குடில் பெட்டியில் வருகிறது, தாத்தாவின் உடுப்பு வாடகைக்கு வருகிறது, மேளத்துக்குப் பதில் வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி வருகிறது. எல்லாம் வந்து சேர்ந்துவிட்ட வீட்டில், "எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று வந்து நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்க நம்மிடம் ஒரு வேலையும் இல்லை. பார்வையாளனாக இருந்தவன் பார்வையாளனாகவே இருக்கிறான், நம்பிக்கை மட்டும் கழிந்தவனாக.

முழுக்க அற்றுப்போகவும் இல்லை. பல பங்குகளில், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களுக்கு இடையே குடில் போட்டி நடக்கிறது. அந்தப் பத்து நாளும் பிள்ளைகள் மண்ணும் பசையுமாக அலைகிறார்கள். திருச்சிக் கல்லூரி விடுதிகளில் கிறிஸ்மா, கிறிஸ் சைல்டு என்று சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்து, யாருக்கும் தெரியாமல் பரிசு வைக்கிற வழக்கம் எல்லா மதத்துப் பிள்ளைகளிடமும் பரவியிருக்கிறது. தாத்தாவை நம்பாத வயதில் தாத்தாவாகிப் பார்க்கிறார்கள். பதினெட்டு வயதில் கிடைக்கிற இந்தச் சந்தோஷம் எட்டு வயதிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது என்பது மட்டும்தான் என் குறை.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் உங்கள் பிள்ளை வந்து, "அது நம்ம மாமாதானே?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். ஆமாம் என்று சொல்லி, மிட்டாய்ப் பையை அந்தப் பிள்ளையின் தோளில் மாட்டிவிடுங்கள். தம்பி தங்கைகளிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடிலில் பாலனை எடுத்து மறைத்துவைத்து 24-ஆம் தேதி இரவு வைக்கிற பொறுப்பை அதனிடமே விடுங்கள். சுரூபம் பலகையோடு ஒட்டியிருந்தால், களிமண்ணில் ஒரு பாலனைப் பிள்ளையே பிடிக்கட்டும். குடில் வயலுக்குக் கேழ்வரகு விதைக்க டிசம்பர் 14, 15 சரியான நாள். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் மண் பரப்பித் தூவி, தினம் இருவேளை தண்ணீர் தெளித்தால், 24-ஆம் தேதிக்குள் விரல் உயரம் வந்துவிடும்.